இருக்கை யாருக்கு? – கோட்பாடும் படைப்பும் செயலும்

கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்னும் வினாவைத் தமிழ் பயின்றோர் யாவரும் மாணவப் பருவத்திலேயே எதிர்கொண்டிருப்பர். பட்டிமண்டபங்களில் இருபுறமும் நின்று பேசிப் பழகிய தலைப்பு அது. இறுதியில் நடுவர் எழுந்து, இரண்டும் வேண்டும் என்று தீர்ப்புக் கூறுவார். அவையும் கைதட்டி மகிழ்ந்து கலைந்துவிடும். ஆனால் அத்தீர்ப்போடு வினா தீர்ந்துவிடுவதில்லை. இரண்டும் வேண்டும் என்றால் ஒன்று மற்றொன்றை எவ்வாறு தாங்கும்? உலகை ஆராய்ந்து இது நேர்மை, இது அநீதி என்று வகுப்பது கோட்பாடு. இல்லாத ஓர் உருவத்தைத் தோற்றுவித்துக் கண்முன் நிறுத்துவது படைப்பு. அநீதியைக் கண்டு வாளா இராமல் இறங்கி மாற்ற முனைவது செயல். இம்மூன்றும் ஒரே மனிதரிடத்தில், ஒரே இயக்கத்தில், ஒரே விழாவில் வந்து கூடும்போது என்ன நேர்கிறது? இன்றைய கலையுலகின் தலையாய வினா இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இதனைச் சொல்லளவில் வைத்து வாதிட்டால் சொல் பெருகுமேயன்றித் தெளிவு பிறவாது. ஆதலின் ஒரு தெருவிற்குச் செல்வோம். அத்தெரு தமிழகத்தின் எல்லையிலிருந்து தொலைவிலில்லை. பழந்தமிழர் முசிறி என்று போற்றிய துறைமுகத்தின் வழிவந்த வணிகம், பிற்காலத்தில் வந்து ஒதுங்கிய கொச்சியில், மட்டாஞ்சேரி என்னும் பகுதியில் உள்ளது. ஜூ டவுன் என்பது அதன் பெயர்.

யூதர் தெரு

மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் குறுகிய தெரு அது. ஒரு புறம் கொச்சி மன்னர்களின் மட்டாஞ்சேரி அரண்மனை. அதன் அருகிலேயே மன்னர் அளித்த நிலத்தில் 1568ஆம் ஆண்டு எழுந்த யூதர் தொழுகைக்கூடம். 1760ஆம் ஆண்டளவில் அதற்கு ஒரு மணிக்கூண்டு அமைந்தது. அதன் முகப்புகளில் ஈபுரு எண்களும் ரோமானிய எண்களும் மலையாள எண்களும் தனித்தனியே பொறிக்கப்பட்டன. தொழுகைக்கூடத்தின் உட்புறத் தரையில் சீனத்திலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அத்தரையின் அழகைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர்.

இத்தொழுகைக்கூடத்திற்குப் 'பரதேசி' என்று பெயர். அயலகத்திலிருந்து வந்தோர் கட்டியது என்பதே அதன் பொருள். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டும், மேற்கு ஆசியாவிலிருந்து வாணிகம் நாடியும் வந்தவர்கள் அவர்கள். தமிழில் அச்சொல் இரப்போரைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது; கடல் கடந்து வாழும் நமக்கோ அதன் பழைய பொருளே நெருக்கமானது. அவர்களுக்கு முன்பே இக்கரையில் நெடுங்காலம் வாழ்ந்தவர் மலபார் யூதர். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு அளித்தான். அச்செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. நம் முன்னோர் எழுதிய அதே எழுத்தில், வேற்றுநாட்டிலிருந்து வந்த ஒரு சமூகத்திற்குக் குடையும் பல்லக்கும் வரிவிலக்கும் உரிமையாக எழுதித் தரப்பட்டன. வந்தாரை வாழவைத்தல் என்று நாம் மேடைதோறும் பேசுவதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

ஆயின் கதை இத்துடன் முடியவில்லை.

தரையில் அமர்ந்தவர்

பரதேசி யூதரிடையே, விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்கள் ஒரு பிரிவினர் இருந்தனர். அவர்களும் யூத சமயத்தினரே. அதே வேதத்தை ஓதியவரே. எனினும் தொழுகைக்கூடத்தினுள் இருக்கைகளில் அமரும் உரிமை அவர்களுக்கு இல்லை. முன்கூடத்துத் தரையிலேயே அமரவேண்டும். வேதச்சுருளை அவையின்முன் படிக்கும் பேறும் மறுக்கப்பட்டது. மணவுறவு மறுக்கப்பட்டது. இறந்தபின் அடக்கம் செய்யும் இடத்திலும் வேற்றுமை காட்டப்பட்டது.

இங்கே நாம் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். யூத சமயத்தின் நடுநாயகமான நினைவு எது? எகிப்து நாட்டில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோம் என்பதன்றோ? ஆண்டுதோறும் பாஸ்கா விழாவில் அந்நினைவை ஒவ்வோர் இல்லத்திலும் ஓதுகின்றனர். விடுதலையின் கோட்பாட்டை அவர்களினும் அழகுற வகுத்தவர் உலகில் சிலரே. அதே கோட்பாடு ஓதப்பட்ட தெருவில், விடுதலை பெற்ற அடிமையின் பேரன் தரையில் அமர்ந்திருந்தான். சேரன் அளித்த 72 உரிமைகளைப் பேணிக் காத்த சமூகத்தால், தன் உடன்பிறந்தானுக்கு ஓர் இருக்கை தர இயலவில்லை.

அத்தகைய குடும்பத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராயிருந்தார். 1929ஆம் ஆண்டு லாகூர் காங்கிரசிலும் கலந்துகொண்டார். தொழிலாளர் சங்கங்களுக்காகக் குரல் கொடுத்த அவர், தம் தொழுகைக்கூடத்தின் வேற்றுமையையும் எதிர்த்தார். சிலகாலம் அங்குச் செல்வதையே புறக்கணித்தார். காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தொழுகைக்கூடத்தினுள்ளும் கையாண்டார். இதனால் அவரை 'யூத காந்தி' என்று பின்னாளில் அழைத்தனர். 1924ஆம் ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் எழுந்து, ஈ.வெ.ரா. பெரியார் அங்குச் சென்று சிறைப்பட்டதை நாம் அறிவோம். வைக்கமும் மட்டாஞ்சேரியும் ஒன்றுக்கொன்று அணித்தான ஊர்கள். ஒன்றில் தெரு, மற்றொன்றில் இருக்கை, வினா ஒன்றே.

சேலம் புதிய கோட்பாடு எதனையும் கொண்டுவரவில்லை என்பதே நாம் கருதவேண்டிய செய்தி. அவையினர் ஏற்கெனவே ஓதிவந்த கோட்பாட்டை அவர்கள்பக்கமே திருப்பிக் காட்டினார். "நீங்கள் சொல்வதையே நீங்கள் செய்யுங்கள்" என்பதற்கு மேல் அவர் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை வாயால் மட்டும் கேட்கவில்லை. எங்கே அமர்வது, எங்கே அமராதிருப்பது, எப்போது வராதிருப்பது என்று தம் உடலாலேயே கேட்டார். காணாமல் பழகிவிட்ட கண்களுக்கு ஒன்றைக் காணும்படி செய்வது கலைஞனின் தொழில். அவ்வகையில் அவ்வறப்போரும் ஒரு படைப்பே என்று கூறத் துணிகிறோம். அதில் கோட்பாடு, படைப்பு, செயல் என்பன மூன்று தனிப்பொருள்களாக நிற்கவில்லை. 1930களின் நடுப்பகுதியளவில் பழைய தடைகள் பல தளர்ந்தன. இன்று அந்தத் தெருவே ஏ.பி. சேலம் சாலை என்று பெயர் பெற்றுள்ளது.

தோல் உள்ளே, மனிதன் வெளியே

இது பிற சமயத்தார் குறை என்று நாம் ஒதுங்கிவிடுதல் இயலாது. பெரியபுராணத்தில் நந்தனாரைப் பற்றிச் சேக்கிழார் கூறும் ஒரு செய்தியை நினைவுகூர்வோம். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் தந்து தொண்டு புரிந்தவர் அவர். அவர் தந்த தோல் கருவறைவரை சென்று ஒலித்தது. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். கலைக்கு வேண்டிய பொருளைத் தருபவனுக்குக் கலை நிகழும் இடத்தில் இடமில்லை என்னும் முரண்பாட்டை இதனினும் சுருங்கக் கூறமுடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையை இசைநாடகமாக்கினார். சேக்கிழாரிடத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை, நந்தனாரை நிலத்தோடு பிணித்து வைத்திருக்கும் வேதியரை, அவர் புதிதாகப் படைத்தார். அதனால் கோயில் வாயிலில் நின்ற வினா வயல்வெளிக்கும் வந்தது. நந்தனார் தில்லைக்குச் செல்ல இயலாமைக்குக் காரணம் தீட்டு மட்டுமன்று, உழைப்பைப் பிணித்த அடிமைத்தனமும் ஆகும் என்பது அந்தப் பாத்திரத்தால் வெளிப்பட்டது. கோட்பாட்டு நூல் எழுதி விளக்கவேண்டிய உண்மையை ஒரு பாத்திரம் விளக்கிவிட்டது.

அந்நூலுக்குப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பாரதியார் நாடிய வரலாற்றை உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்துள்ளார். இலக்கண வழுக்களும் மூலத்தினின்று மாறிய கதைப்போக்கும் கண்டு பிள்ளையவர்கள் இசையவில்லை. ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் பாட்டையே பாடிக்கொண்டிருக்க, அதனைக் கேட்ட பிள்ளையவர்கள் உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார். புலமை என்னும் கோட்பாடு படைப்பைத் திண்ணையில் காக்கவைத்தது. பின்பு தானே எழுந்து வந்து அதனை ஏற்றது. பிள்ளையவர்களின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. தம் அளவுகோலைத் தாமே மாற்றிக்கொள்ள அறிந்ததே உண்மைப் புலமை.

நந்தனாரின் தோல் பற்றிய வினா இன்னும் தீரவில்லை. மிருதங்கத்திற்குப் பசுவின் தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். அவற்றைப் பதப்படுத்தி, வார் பிடித்து, ஒலி சேர்த்துத் தருபவர்களில் பலர் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். கருவியை வாசிப்பவர் பெயர் மேடையில் முழங்கும். செய்தவர் பெயர் எவருக்கும் தெரியாது. பாடகர் டி.எம். கிருஷ்ணா இக்கைவினைஞரின் வரலாற்றை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். சேக்கிழார் காலத்திலிருந்து தொடரும் ஒரு கணக்கை அந்நூல் மீண்டும் திறந்து வைத்தது எனலாம்.

கேள்வி கேட்ட இளைஞர்

இனி நம் காலத்துக் கலைக்கு வருவோம். கேரளத்தைச் சேர்ந்த ஓவியரும் சிற்பிகளும் சிலர் 1987ஆம் ஆண்டு பரோடா நகரில் ஒரு கண்காட்சி நடத்தினர். 'கேள்விகளும் உரையாடலும்' என்பது அதன் பொருள்படும் தலைப்பு. இந்தியத் தீவிர ஓவியர் சிற்பியர் கழகம் என்று அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டனர். அவர்களின் நடுவில் நின்றவர் சிற்பி கே.பி. கிருஷ்ணகுமார். கண்காட்சிக்கு அறிக்கை எழுதியவர், அப்போது கலைவரலாறு பயின்றிருந்த அனிதா துபே. கலை செல்வரின் வீட்டுச் சுவரை அலங்கரிக்கும் பண்டமாகிவிட்டது என்று அவர்கள் குற்றஞ்சாட்டினர். விலையுயர்ந்த வெண்கலத்தை விடுத்துச் சாந்திலும் கண்ணாடியிழையிலும் உருவங்கள் வார்த்தனர். 1989ஆம் ஆண்டு பம்பாயில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நடத்திய ஓவிய ஏலத்தை எதிர்த்துத் துண்டறிக்கை வெளியிட்டனர். கேரளத்துக்குத் திரும்பி மக்களிடையே பணியாற்ற முயன்றனர்.

அவ்வாண்டின் இறுதியில், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், கிருஷ்ணகுமார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குழுவும் கலைந்தது.

ஒருவரது மறைவுக்குக் காரணம் இன்னதென்று வெளியிலிருந்து தீர்மானிப்பது அறமாகாது. நாமும் அதனைச் செய்யோம். அக்குழுவின் முயற்சியைப் பற்றி மட்டும் ஒன்று கூறலாம். அவர்கள் கேட்ட கேள்விகள் நேர்மையானவை. ஆனால் சந்தையை மறுத்தவன் எதனை உண்டு வாழ்வான், மக்களிடம் செல்பவனை மக்கள் எவ்வாறு அடையாளம் காண்பர், ஒருவர் தளர்ந்தால் மற்றவர் எவ்வாறு தாங்குவர் என்னும் கேள்விகளுக்கு அவர்களிடம் விடையில்லை. கோட்பாடு உச்சியில் நிற்க, அதனைத் தாங்கும் அன்றாட ஏற்பாடு அடியில் இல்லாதிருந்தது. மனிதரைத் தாங்காத கோட்பாடு எத்துணை உயர்ந்ததாயினும், அதன் பளு அதனைச் சுமப்போர் தோளிலேயே விழுகிறது.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் வேறொரு முயற்சி நிகழ்ந்ததை இங்கு ஒப்பிடுதல் தகும். சென்னை ஓவியக்கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியரும் சிற்பிகளும் 1966ஆம் ஆண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக்கிராமத்தை அமைத்தனர். அவர்கள் 'பத்திக்' துணி முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அவ்வருவாயில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, தாமே வீடு கட்டி வாழ்ந்தனர். கைத்தொழில் வயிற்றைக் காத்தது. அதனால் ஓவியம் எவர் தயவையும் நாடாமல் நின்றது. அங்கே போராட்ட முழக்கம் எழுந்ததில்லை. சாதியும் வறுமையும் அவர்கள் ஓவியங்களின் முதற்பொருளாக இருந்ததுமில்லை. அது அக்கிராமத்தின் எல்லை. ஆயினும் கலைஞன் தன்மானத்தோடு வாழவேண்டும் என்னும் கருத்து அங்கே நிலமாகவும் கூரையாகவும் உருப்பெற்றது. ஆகவே அது அரைநூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது.

விழாவும் கூலியும்

கொச்சிக்கே மீள்வோம். 2012ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் கொச்சி–முசிறி பினாலே என்னும் பன்னாட்டுக் கலைவிழா தொடங்கியது. ஓவியர் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் இதனைத் தோற்றுவித்தனர். கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் பாழடைந்து கிடந்த பண்டகசாலைகள் கலைக்கூடங்களாயின. மிளகு மூட்டை கிடந்த இடத்தில் ஓவியம் நின்றது. மீனவரும் சுமைதூக்குவோரும் பள்ளிப்பிள்ளைகளும் அவற்றைக் காண வந்தனர். கலைக்கூடத்தின் வாயிலை ஒருநாளும் மிதித்திராத மக்கள் அவ்வாறு வந்தது சிறிய செயலன்று.

அதன் நான்காம் விழா 2018 டிசம்பரில் தொடங்கி 2019 மார்ச் இறுதிவரை நடந்தது. அதனை வகுத்தவர், முப்பதாண்டுகளுக்கு முன் பரோடாவில் அறிக்கை எழுதிய அதே அனிதா துபே. அந்நியமாகாத வாழ்வுக்கான வாய்ப்புகள் என்பது அவர் சூட்டிய தலைப்பின் பொருள். உழைப்பவனிடமிருந்து அவன் உழைப்பின் பயனே அயலாகிப் போதல் என்று கார்ல் மார்க்ஸ் விளக்கிய கருத்தை அத்தலைப்பு நினைவூட்டியது. பங்கேற்ற கலைஞரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பேசாது ஒதுக்கப்பட்டோர் குரலைக் கேட்பதே நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது.

அவ்விழாவில் இடம்பெற்ற ஒரு படைப்பு, நாம் தொடங்கிய தெருவோடு நெருங்கிய தொடர்புடையது. தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சன் அமைத்த அதன் தலைப்பு 'நூற்றுப் பத்தொன்பது விற்பனைப் பத்திரங்கள்' எனப் பொருள்படும். டச்சுக்காரர் 1663ஆம் ஆண்டு போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். இக்கரைகளிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கித் தென்னாப்பிரிக்காவின் கேப் நகருக்குக் கொண்டுசென்றனர். அங்குள்ள பழைய ஆவணங்களில் காணப்படும் அம்மனிதரின் பெயர், வயது, ஊர், விற்ற விலை ஆகியவற்றைப் பருத்தி ஆடைகளில் கறுப்பு மையால் எழுதி, சேற்றுநீரில் தோய்த்துக் கொடியில் தொங்கவிட்டார் அக்கலைஞர். வேறொன்றுமில்லை, காற்றில் ஆடும் வெற்றாடைகள்.

கேப் நகர் ஆவணங்களில் அடிமைகளின் பெயரோடு மலபார் என்றும் கொச்சி என்றும் வங்காளம் என்றும் சோழமண்டலக் கரை என்றும் ஊர்ப்பெயர் ஒட்டி நிற்பதை வரலாற்றறிஞர் அறிவர். சோழமண்டலம் என்றால் நாம். நம் முன்னோரில் சிலர் கப்பலேறியது இவ்வாறுதான். பிற்காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாக இலங்கைக்கும் மலேயாவுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் சென்றோர் கதையைப் பேசும் நாம், அதற்கும் முன்னர் விலைப்பொருளாகச் சென்றோரைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். நூலில் ஒரு வரியாகக் கிடந்த செய்தியை ஓர் ஆடை நம் நெஞ்சில் ஏற்றிவிடுகிறது. யூதர் தெருவின் முன்கூடத்துத் தரையில் அமர்ந்திருந்தவரின் மூதாதையரும் இத்தகைய வாணிகத்தில் விலை கூறப்பட்டோரே என்று எண்ணும்போது, இருக்கை மறுக்கப்பட்டதன் வேர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதும் புலனாகிறது. கோட்பாட்டுக்கு உருவம் தந்து, உருவத்தால் நினைவைத் தட்டியெழுப்பி, நினைவால் அறக்கடமையை உணர்த்துதல் என்னும் மூன்றும் அங்கே நிகழ்ந்தன.

ஆயின் அதே விழா முடிந்த 2019 மார்ச்சில் மற்றொரு குரலும் எழுந்தது. கூடங்களை அமைக்கும் வேலையை ஏற்ற ஒப்பந்ததாரர், தமக்கும் தம்மிடம் வேலை செய்தோர்க்கும் வரவேண்டிய தொகை நிலுவையில் உள்ளது என்று முறையிட்டார். தச்சரும் கூலித்தொழிலாளரும் ஊதியத்துக்குக் காத்திருப்பதாகக் கலைஞர் சிலரே வெளிப்படையாக எழுதினர். கணக்கில் வேறுபாடு உண்டென்று விழா நடத்திய அறக்கட்டளை மறுமொழி கூறியது. எவர் கணக்குச் சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. பொருள்வசதியற்ற நாட்டில், வெள்ளப்பேரழிவு நிகழ்ந்த ஆண்டில், அத்தகைய விழாவை நடத்துவதன் அருமையையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அந்நியமாகாத வாழ்வு என்று பெயரெழுதிய பலகையை நட்டவனின் கூலி வழக்காகிவிட்டதே என்னும் வருத்தம் நெஞ்சில் நிற்கத்தான் செய்கிறது. அடுத்த விழா 2022 டிசம்பர் 12இல் தொடங்கவேண்டியது, ஏற்பாடுகள் முடியாமையால் 23ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அப்போதும் ஐம்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் கையொப்பமிட்டு, படைப்போரையும் பணியாளரையும் நடத்தும் முறை மாறவேண்டும் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினர். கேள்வி கேட்கும் மரபு கொச்சியில் மறையவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று. 2025 டிசம்பரில் ஆறாம் விழா தொடங்கியது.

இரு மறுப்புகள்

இங்கே இருதரப்பார் நம்மை மறுக்கக்கூடும். முதல் தரப்பார், "கலைஞன் கணக்கன் அல்லன், கூலியையும் பலகையையும் பற்றிய வினாவால் படைப்பை அளக்கலாமா?" என்பர். படைப்பின் அழகைக் கூலிக்கணக்கால் அளக்கமுடியாது என்பது உண்மையே. சேற்றில் தோய்ந்த அந்த ஆடைகள் எவர் கணக்கு எப்படியிருப்பினும் நெஞ்சைத் தொடுகின்றன. ஆனால் படைப்பு தானே ஒரு வாக்குறுதியை முன்வைக்கும்போது, அந்த வாக்குறுதியால் அதனை அளப்பது அநீதியாகாது. பூவை வரைந்தவனிடம் நாம் கூலி பற்றிக் கேட்பதில்லை. உழைப்பவன் உரிமையை வரைந்தவனிடம் கேட்கிறோம். அவனே நம்மைக் கேட்கச் சொல்லித் தந்தான்.

இரண்டாம் தரப்பார், "அப்படியானால் கலையும் கோட்பாடும் எதற்கு? நேரே போராட்டத்தில் இறங்கலாமே" என்பர். இதுவும் முழுமையன்று. சட்டம் வந்தபின்னும் கண் மாறாவிடில் இருக்கை வெறும் மரப்பலகையே. பாரதியாரின் நந்தன் ஊரூராகப் பாடப்பட்டமையால், வயலில் நின்ற அடிமையின் ஏக்கத்தைப் பண்ணையார் வீட்டுப் பெண்களும் கேட்டுக் கண்ணீர் விட்டனர். எந்த ஆணையும் அக்கண்ணீரை வரவழைத்திராது. செயல் கதவைத் திறக்கிறது. திறந்த கதவின் வழியே வருபவனை மனிதனாகக் காணப் படைப்பு நமக்குப் பயிற்சி தருகிறது. எந்தக் கதவு இன்னும் மூடியிருக்கிறது என்று காட்டுவது கோட்பாடு.

ஆகவே நாம் கண்ட முடிவு இதுதான். கோட்பாடு பிறரை அளக்கும் கோலாக இருக்கும்வரை ஆணவத்தையே வளர்க்கும். அதனை எடுத்தவன் முதலில் தன்னை அளந்துகொள்ளும்போதுதான் அது படைப்புக்கு உயிரும் செயலுக்கு நேர்மையும் தருகிறது. அவ்வாறு அளந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. இந்த அவையில் தரையில் அமர்ந்திருப்பவர் யார் என்று சுற்றுமுற்றும் பார்த்தால் போதும்.

நம் அவையில்

இம்மலரை ஏந்தியிருக்கும் நாமும் ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். கணியன் பூங்குன்றனாரின் பரந்த நோக்கை மேடையில் முழங்குகிறோம். பிறநாட்டார் நம்மை நிறத்தால் வேறுபடுத்தினால் வெகுண்டெழுகிறோம், அது நியாயமே. அதே விழாவில் பறையிசை வைத்துப் பெருமை கொள்கிறோம். அப்பறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்தவரின் வழிவந்த ஒருவர் நம் செயற்குழுவில் இருக்கிறாரா என்று நாம் கேட்டதுண்டா? நிகழ்ச்சி முடிந்தபின் நாற்காலிகளை மடித்து அடுக்குவோர், பின்கட்டில் பாத்திரம் கழுவும் பெண்கள், விடுதிகளில் தங்கிக் கட்டடவேலை செய்து விடுமுறை நாளில் மட்டும் எட்டிப் பார்க்கும் நம் ஊர் இளைஞர் ஆகியோர்க்கு முன்வரிசையில் இருக்கை உண்டா? மணப்பேச்சு வரும்போது நம் பரந்த நோக்கு எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது?

இவ்வினாக்களை எவரையும் புண்படுத்த எழுப்பவில்லை. நம்மையும் சேர்த்தே கேட்கிறோம். நம் பிள்ளைகள் இவற்றை வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கிவிட்டனர். அவர்கள் கேட்கும்போது, "அதெல்லாம் ஊர் வழக்கம்" என்று நாம் வாயடைத்தால், தமிழ் என்பது பெற்றோரின் பழைய சச்சரவு என்று எண்ணி அவர்கள் விலகிப்போவர்.

அப்படி விலகிப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஜூ டவுன் தெருவிலேயே விடை உள்ளது. 1948க்குப் பின் இஸ்ரேல் நாடு தோன்ற, கொச்சி யூதர்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டுச் சென்றனர். மலபார் யூதரின் பயணத்திற்கு வழிவகுக்க 1953இல் சேலமும் இஸ்ரேல் சென்று பேசினார். ஆனால் தாம் கொச்சியிலேயே இருந்து 1967இல் மறைந்தார். தெருவில் பூத்தையல் கடை நடத்தி, வருவோர்க்கெல்லாம் முகமலர்ந்து பேசிய சாரா கோஹன் அம்மையார் 2019ஆம் ஆண்டு தம் 96ஆம் வயதில் காலமானார். யூத முறைப்படி கூட்டுத்தொழுகைக்குப் பத்து ஆடவர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் உள்ளூரில் இல்லாமல் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. வீடுகள் பழம்பொருள் கடைகளாகவும் தேநீர்க்கூடங்களாகவும் மாறிவிட்டன.

இன்று அத்தொழுகைக்கூடத்தினுள் நுழைவோர் முதலில் காண்பது சீன ஓடுகளின் அழகை. சற்று நின்றால் சுவரோரம் இருக்கும் விசிப்பலகைகளையும் காணலாம். ஒருகாலத்தில் அவற்றில் ஓரிடத்திற்காக ஒரு மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் போராட்டத்தில் கழித்தார். இன்று அவை வெறுமையாக உள்ளன. யாரும் எங்கும் அமரலாம். அமரத்தான் ஆள் இல்லை.

இருக்கை இருக்கும்போதே, அருகில் அமர ஆள் இருக்கும்போதே, நகர்ந்து இடந்தருவோமாக.